குட்டி எட்டாயிரம், நாய் எட்டு லட்சம்

"45 நாள் குட்டி. முதல் ஊசி போட்டாச்சு. நல்லா விளையாடும்." வாட்ஸ்அப்பில் வரும் நாய்க்குட்டி விளம்பரங்கள் பெரும்பாலும் இந்த மூன்று வரிக்குள் முடிந்துவிடும். கீழே ஒரு படம், ஒரு விலை. சான்றிதழ் எதுவும் இல்லாத லேப்ரடார் குட்டி எட்டாயிரம் ரூபாய் என்பார்கள். பேரம் பேசத் தெரிந்தவருக்கு ஏழுக்கும் படியும். பிள்ளைகள் "நாங்களே பாத்துக்கறோம்ப்பா" என்று சத்தியம் செய்கிறார்கள். அப்பாவுக்கும் சின்ன வயது ஆசை ஒன்று பாக்கி இருக்கிறது. அம்மா மட்டும் தயங்குகிறார். அந்தத் தயக்கத்துக்குள் ஒரு முழுக் கணக்கு இருக்கிறது. அதை யாரும் உட்கார்ந்து கேட்பதில்லை. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அட்டைப் பெட்டியில் குட்டி வந்துவிடுகிறது.

அந்தக் கணக்கைத்தான் இங்கே போட்டுப் பார்க்கப் போகிறோம். நாய் வளர்க்க வேண்டாம் என்று யாரையும் தடுப்பதற்காக இல்லை. நாயோடு வளர்ந்த வீட்டின் அருமை தெரிந்தவர்களுக்கு அதை விளக்கிச் சொல்லத் தேவையில்லை. சொல்ல வேண்டியது வேறு. ஒரு நாய்க்கு ஆகும் செலவை வாங்கியவர் கொடுக்காவிட்டால் அந்தச் செலவு இல்லாமல் போய்விடுவதில்லை. வேறு யாரோ கொடுக்கிறார்கள். சில வீடுகளில் அந்த அம்மா. சில ஊர்களில் தெருவில் நடக்கிறவர்கள். பல சமயம், வாய் பேசாத அந்த நாயே.

முதல் வாரத்து பில்

விளம்பரத்தின் முதல் வரியிலேயே செலவு தொடங்கிவிடுகிறது. 2017-ல் மத்திய அரசு கொண்டுவந்த நாய் இனப்பெருக்க, விற்பனை விதிகளின்படி எட்டு வாரம் நிறையாத குட்டியை விற்கக் கூடாது. எட்டு வாரம் என்றால் 56 நாள். 45 நாள் குட்டி என்று சொல்லி விற்பதே விதிமீறல். நடைமுறையில் 30 நாள் குட்டியைக்கூட 45 என்று சொல்லிக் கைமாற்றுகிறார்கள். குட்டி சின்னதாக இருந்தால்தான் பார்த்தவுடன் மனசு இளகும் என்பது விற்பவருக்குத் தெரியும். தாயிடம் இன்னும் இரண்டு வாரம் விட்டால் இரண்டு வாரத் தீனிச் செலவு அவர் தலையில் விழும் என்பதும் தெரியும்.

அந்த இரண்டு வாரத்தின் விலையை வாங்கியவர்தான் கட்டுகிறார். குட்டிக்குத் தாய்ப்பாலில் கிடைத்த எதிர்ப்புச் சக்தி சில வாரங்களில் வடிந்துபோகும். அது முழுதாக வடியும்வரை தடுப்பூசியும் சரியாகப் பிடிக்காது. அதனால்தான் ஆறு முதல் எட்டு வாரத்தில் தொடங்கி, மூன்று நான்கு வார இடைவெளியில், பதினாறு வாரம் வரை திரும்பத் திரும்ப ஊசி போடச் சொல்கிறார்கள். 'முதல் ஊசி போட்டாச்சு' என்பது உண்மையாகவே இருந்தாலும் அதனால் கிடைக்கும் காப்பு மிகக் குறைவு. இந்த இடைவெளியில்தான் பார்வோ வந்து நுழைகிறது.

பார்வோ வைரஸ் தரையிலும் செருப்பிலும் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும். பல குட்டிகளை அடைத்து வைத்த கூண்டில் ஒன்றுக்கு வந்தால் எல்லாவற்றுக்கும் வரும். தொற்றி நான்கைந்து நாளில் அறிகுறி தெரியும். அதாவது குட்டி புது வீட்டுக்கு வந்த பிறகு. முதல் நாள் சோறு வேண்டாம் என்று படுத்துக்கொள்ளும். அடுத்த நாள் வாந்தி. அதற்கடுத்து ரத்தத்தோடு வயிற்றுப்போக்கு. அந்த நாற்றத்தை ஒருமுறை உணர்ந்தவர்கள் மறக்க மாட்டார்கள். ஐந்து முதல் ஏழு நாள் டிரிப்ஸ் ஏற்ற வேண்டும். தனியார் கிளினிக்கில் ஒரு நாளைக்கு ஆயிரத்திலிருந்து மூவாயிரம் வரை ஆகும். எட்டாயிரத்துக்கு வாங்கிய குட்டிக்குப் பத்தாயிரம் செலவழித்த பிறகும் அது பிழைக்கும் என்று டாக்டர் உறுதி சொல்ல முடியாது. சிகிச்சையே கொடுக்காமல் விட்டால் பெரும்பாலானவை பிழைப்பதில்லை. விற்றவருக்குப் போன் போட்டால் "எங்ககிட்ட இருந்தப்ப நல்லாத்தான் இருந்துச்சு" என்பார்.

இவ்வளவையும் தாண்டி வந்த குட்டிக்கு முதல் வருடம் ஊசி, புழு மருந்துச் செலவு சில்லறைதான். பல நோய்களுக்குச் சேர்த்துப் போடும் கூட்டுத் தடுப்பூசி, மூன்றாவது மாதம் வெறிநோய் ஊசி, பிறகு வருடம் ஒருமுறை பூஸ்டர், ஆரம்பத்தில் இரண்டு வாரத்துக்கொருமுறை குடற்புழு மருந்து, போகப்போக மூன்று மாதத்துக்கொருமுறை. எல்லாம் சேர்த்து ஐயாயிரத்துக்குள் முடித்துவிடலாம். பல் முளைக்கும் பருவத்தில் செருப்பு, சோபா, சார்ஜர் வயர் எல்லாம் போகும். அதைக் கணக்கில் எழுதுகிறவர் எவரும் இல்லை.

தட்டில் விழுவது

நாய்க்குப் பெரிய செலவு ஆஸ்பத்திரி என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். மாதாமாதம் நிற்காமல் போவது தீனிதான். முப்பது கிலோ எடையுள்ள லேப்ரடாருக்கு ஒரு நாளைக்கு ஏறக்குறைய 400 கிராம் உலர் தீவனம் வேண்டும். மாதம் 12 கிலோ. நடுத்தர விலையில் கிலோ 300 ரூபாய் என்று வைத்துக்கொண்டாலும் மாதம் 3,600. வருடத்துக்கு நாற்பதாயிரம் தாண்டும். இதே தீவனத்தில் கிலோ எழுநூறு, எண்ணூறு ரூபாய்க்கும் இருக்கிறது. 2017-ல் ஜி.எஸ்.டி. வந்தபோதே பாக்கெட்டில் அடைத்து விற்கும் நாய்த் தீவனத்துக்கு 18 சதவீதம் என்று வைத்துவிட்டார்கள். கால்நடை மருத்துவமனைச் சிகிச்சைக்கு வரிவிலக்கு உண்டு. நோய் வந்தால் வரியில்லை. நோய் வராமல் சாப்பிட வைப்பதற்கு வரி. நாய்ச் சோற்றை ஆடம்பரப் பண்டமாகப் பார்க்கும் பழைய பார்வை இது. இதை மாற்றச் சொல்லிக் கேட்பதில் தவறில்லை.

"எங்க தாத்தா வீட்டு நாய் பழைய சோறு தின்னே பதினாலு வருஷம் இருந்துச்சே" என்று ஒருவர் கட்டாயம் சொல்வார். இருந்திருக்கும். அந்த நாய் சோற்றை மட்டும் தின்று வாழவில்லை. வயலில் எலி பிடித்தது, கறிக்கடை வாசலில் காத்திருந்தது, கருவாட்டுத் தலை தின்றது, தினம் ஐந்தாறு கிலோமீட்டர் ஓடியது. அதற்கு வேண்டிய புரதத்தை ஊரே கொடுத்தது. மூன்றாவது மாடி ஃப்ளாட்டில் கட்டிப்போட்ட நாய்க்கு வேளைக்கு வேளை தயிர்சாதம் மட்டும் வைத்தால் அது குண்டாகும், முடி கொட்டும், மூட்டு தேயும். பாசத்தோடு வைக்கும் தயிர்சாதம் மூன்றாண்டு கழித்து எக்ஸ்ரே பில்லாகத் திரும்பி வருவதைக் கால்நடை மருத்துவர்கள் வாராவாரம் பார்க்கிறார்கள்.

வீட்டில் சமைத்தே வளர்க்கலாம். அதுவும் முடிகிற காரியம்தான். கோழிக்கடையில் கழுத்து, ஈரல், கால் என்று தனியாகக் கேட்டால் கறி விலையில் சிறு பங்குக்குக் கொடுப்பார்கள். அரிசியோடு பரங்கிக்காயோ கேரட்டோ போட்டு, உப்பு, மிளகாய், வெங்காயம் இல்லாமல் வேகவைக்க வேண்டும். வெந்த எலும்பைப் பொறுக்கி எடுத்துவிட வேண்டும். அது சில்லுச் சில்லாக உடைந்து குடலைக் கிழிக்கும். வெங்காயமும் பூண்டும் நாயின் ரத்தச் சிவப்பணுக்களை உடைக்கும். திராட்சை சிறுநீரகத்தைக் கெடுக்கும். சாக்லேட் இதயத்தைப் படபடக்க வைக்கும். நம் சமையலில் எதை எடுத்தாலும் வெங்காயம் இருப்பதால், நாய்க்குத் தனி அடுப்பு, தனிப் பாத்திரம். ரூபாய் பாதியாகக் குறையும். தினம் முக்கால் மணி நேரம் கூடும். அந்த முக்கால் மணி நேரம் யாருடையது என்பதை வாங்கும் முன்பே பேசி முடிவு செய்துகொள்வது நல்லது.

உண்ணி

சென்னையில் நாய் வளர்ப்பவரிடம் எதற்குப் பயப்படுகிறீர்கள் என்று கேட்டுப் பாருங்கள். வெறிநோய் என்று சொல்ல மாட்டார்கள். உண்ணி என்பார்கள். குளிர்நாடுகளில் உண்ணிக்குப் பருவம் உண்டு. இங்கே வெக்கையும் ஈரப்பதமும் வருடம் முழுக்க இருப்பதால் அதற்கு வருடம் முழுக்கக் கொண்டாட்டம். நம் ஊரில் காணப்படும் பழுப்பு நாய் உண்ணிக்கு இன்னொரு திறமையும் உண்டு. காடு, புல்வெளி எதுவும் வேண்டாம். வீட்டுச் சுவர் வெடிப்பிலும் கட்டில் இடுக்கிலும் தன் முழு வாழ்க்கையையும் நடத்திக்கொள்ளும். ரத்தம் குடித்த பெண் உண்ணி கீழே விழுந்து ஆயிரக்கணக்கில் முட்டையிடும். நாயின் உடம்பில் பத்து உண்ணியைக் கண்டால் சுவருக்குள் எவ்வளவு இருக்கும் என்று சொல்ல முடியாது.

உண்ணி ரத்தம் குடிப்பதோடு போவதில்லை. எர்லிக்கியா, பபீசியா என்ற கிருமிகளை நாயின் ரத்தத்தில் விட்டுவிட்டுப் போகிறது. இதைத்தான் 'டிக் ஃபீவர்' என்று எல்லோரும் சொல்கிறார்கள். எர்லிக்கியா வந்தால் ரத்தத் தட்டணுக்கள் சரியும். மூக்கில் ரத்தம் வடியலாம். பபீசியா வந்தால் சிவப்பணுக்கள் உடையும், ஈறு வெளுத்துப்போகும், சிறுநீர் காப்பி நிறத்தில் வரும். தொடக்கத்தில் வெளியே தெரிவது ஒன்றே ஒன்றுதான்: நேற்று வரை வாசல் சத்தம் கேட்டால் ஓடிவந்த நாய் இன்று தலையை மட்டும் தூக்கிப் பார்க்கிறது. வெயில், சாப்பாடு ஒத்துக்கொள்ளவில்லை என்று நாமே ஒரு காரணம் சொல்லி மூன்று நாளைக் கடத்திவிடுகிறோம். அந்த மூன்று நாள்தான் பல நாய்களைக் கொன்றிருக்கிறது.

ரத்தப் பரிசோதனை அறுநூறு, எழுநூறு ரூபாய். எந்தக் கிருமி என்று உறுதியாகத் தெரிய பி.சி.ஆர். பார்த்தால் இரண்டாயிரத்துக்கு மேல். எர்லிக்கியாவுக்கான டாக்சிசைக்ளின் மாத்திரை மலிவு. ஆனால் நான்கு வாரம் ஒரு வேளைகூட விடாமல் கொடுக்க வேண்டும். பபீசியாவில் கிப்சோனி வகை பிடிவாதக்காரன். அதற்கான மருந்து விலை அதிகம். குணமாகி ஆறு மாதத்தில் திரும்ப வருவதும் உண்டு. நிலைமை முற்றினால் ரத்தம் ஏற்ற வேண்டும். வேறொரு நாய் கொடுத்தாக வேண்டும். இரவு பதினொரு மணிக்கு நாய் வளர்ப்பவர்களின் வாட்ஸ்அப் குழுக்களில் "25 கிலோவுக்கு மேல் உள்ள ஆரோக்கியமான நாய் யாரிடமாவது இருக்கிறதா, அவசரம்" என்று செய்தி ஓடுவது இதற்காகத்தான். முன்பின் தெரியாதவர்கள் தங்கள் நாயைக் காரில் ஏற்றிக்கொண்டு வருகிறார்கள். இந்த ஊரின் நல்ல முகங்களில் அது ஒன்று.

வராமல் தடுக்க வழி இருக்கிறது. மாதம் ஒன்றோ, மூன்று மாதத்துக்கு ஒன்றோ மென்று தின்னக் கொடுக்கும் மாத்திரைகள் வந்துவிட்டன. எடை கூடக் கூட விலை கூடும். லேப்ரடார் அளவு நாய்க்கு மாதம் எழுநூறு, எண்ணூறு ரூபாய் என்று ஒதுக்க வேண்டும். நல்லாயிருக்கும் நாய்க்கு எதற்கு வருடம் ஒன்பதாயிரம் என்று தோன்றும். ஒரு டிக் ஃபீவர் பில்லைக் கட்டியவர்கள் அப்படிக் கேட்பதில்லை. நாய் வளர்ப்பில் ஒரே ஒரு செலவை மட்டும் குறைக்கவே கூடாது என்றால் இதைச் சொல்வேன்.

எந்த ஊருக்கு எந்த நாய்

2003-ல் ஹட்ச் செல்போன் விளம்பரத்தில் ஒரு சிறுவன் பின்னாலேயே ஒரு பக் நாய் ஓடியது. அதன் பிறகு நாடு முழுக்க அந்த இனத்துக்குக் கிராக்கி பறந்தது. தட்டை மூக்கோடு பிறக்கும்படி மனிதன் உருவாக்கிய நாய் அது. வியர்வை மிகக் குறைவு, நாக்கைத் தொங்கவிட்டு மூச்சிரைத்துத்தான் நாய் உடம்புச் சூட்டைத் தணிக்க வேண்டும். மூச்சுப்பாதையே குறுகிப்போன நாயைக் கத்திரி வெயிலில் என்ன சொல்லி மூச்சிரைக்கச் சொல்வது? பிறகு ஹஸ்கி வந்தது. சைபீரியப் பனியில் சறுக்குவண்டி இழுக்க இரட்டை அடுக்கு முடியோடு உருவான நாயைச் சென்னை வளசரவாக்கத்து ஃப்ளாட்டில் வைத்து ஏ.சி. போட்டு வளர்த்தார்கள். ஒன்றரை டன் ஏ.சி. தினம் எட்டு மணி நேரம் ஓடினால் மாதம் இருநூற்றைம்பது, முந்நூறு யூனிட் கூடும். மின்வாரியத்தின் கணக்கில் அது மேல் அடுக்குக் கட்டணம். கரண்ட் போன அன்று அந்த நாய் குளியலறைத் தரையில் வயிற்றை ஒட்டிக்கொண்டு கிடக்கும்.

தமிழ்நாடு அரசு 2024-ல் வெளியிட்ட நாய் இனப்பெருக்கக் கொள்கை இந்த ஊர் வெயிலுக்கு ஒத்துவராத 11 வெளிநாட்டு இனங்களைப் பட்டியலிட்டு, அவற்றை இங்கே இனப்பெருக்கம் செய்யக் கூடாது என்றது. பக், ஹஸ்கி, செயின்ட் பெர்னார்ட், சௌ சௌ, பிரெஞ்சு புல்டாக் எல்லாம் அதில் உண்டு. தாமதமாக வந்தாலும் சரியான முடிவு.

அப்படியானால் நாட்டு இனம்தானே என்று உடனே ராஜபாளையத்துக்கும் சிப்பிப்பாறைக்கும் தாவிவிடக் கூடாது. ராஜபாளையம் தபால்தலையில் இடம்பெற்ற நாய். 2005-ல் அஞ்சல்துறை வெளியிட்ட நான்கு இந்திய நாய்த் தபால்தலைகளில் அதுவும் ஒன்று. சிப்பிப்பாறையும் கன்னியும் கரிசல் காட்டில் முயல் துரத்த வளர்ந்த ஓட்டக்காரர்கள். வெயில் தாங்கும், முடி குட்டை, தீனி அளவாகத்தான். அவற்றுக்கு ஆகும் செலவு நிலம். ஓட இடம் இல்லாமல் பால்கனியில் அடைத்தால் கதவைப் பிறாண்டும், குரைத்தே தொண்டையைக் கட்டிக்கொள்ளும், அந்நியரைக் கண்டால் பாயும். தூய வெள்ளை ராஜபாளையக் குட்டிகளில் சில பிறவியிலேயே செவிடாக இருக்கும். கை தட்டிப் பார்த்து வாங்க வேண்டும் என்பது அந்தப் பக்கத்துக்காரர்களுக்குத் தெரியும், இன்டர்நெட்டில் படம் பார்த்து வாங்குகிறவருக்குத் தெரியாது.

நகரத்துக்குப் பொருத்தமான நாய் நம் தெருவில் பிறக்கும் நாட்டு நாய்தான் என்பது என் உறுதியான கருத்து. விலை இல்லை. பதினைந்து, இருபது கிலோவுக்குள் நின்றுவிடும். பரம்பரை மூட்டு நோய், மூச்சு நோய் தொல்லை குறைவு. 1959-ல் தொடங்கப்பட்ட ப்ளூ கிராஸ் போன்ற அமைப்புகள் தத்துக் கொடுக்கின்றன. மேலே சொன்ன தீனிக் கணக்கு கணிசமாகக் குறைந்துவிடும். தடுப்பூசியும் உண்ணி மருந்தும் மட்டும் அதே கண்டிப்போடு வேண்டும்; நாட்டு நாய்க்கு எதுவும் வராது என்ற நம்பிக்கையால் செத்த நாட்டு நாய்கள் நிறைய.

ஒரு மணி நேரம் × பதினோரு வருடம்

காலை அரை மணி, மாலை அரை மணி நடை. குறைந்தபட்சம் இது. ஒரு லேப்ரடார் பதினோரு வருடம் வாழ்ந்தால் நாலாயிரம் மணி நேரத்துக்கு மேல். இரவு பகல் தூங்காமல் நடந்தால் ஐந்தரை மாதம். மழை பெய்தாலும், காய்ச்சல் அடித்தாலும், பிள்ளைக்குப் பரீட்சை என்றாலும், வீட்டில் சாவு என்றாலும் காலை ஆறு மணிக்கு நாய் கதவருகே நிற்கும். அதற்குத் தெரிந்த முறை அதுதான்.

சத்தியம் செய்த பிள்ளைகள் முதல் மாதம் நடத்திச் செல்கிறார்கள். அப்புறம் டியூஷன். அப்பா ஞாயிறு மட்டும் போகிறார், அதுவும் பூங்காவில் நாலு பேர் பார்க்க. பால் பாக்கெட் எடுத்து வைத்து, காப்பி போட்டு, டிபன் கட்டி, நடுவில் நைட்டிக்கு மேல் துப்பட்டாவைப் போட்டுக்கொண்டு கீழே இறங்குவது அந்த அம்மாதான். பகலில் நாய் எங்கே அசுத்தம் செய்தாலும் துடைப்பது அவரும், வீட்டு வேலைக்கு வருகிறவரும். அந்த வேலைக்காரம்மாவுக்கு நாய்க்காக நூறு ரூபாய் கூட்டிக் கொடுத்த வீடு எத்தனை இருக்கும்? நாயைக் கண்டால் நடுங்கும் பெண்ணாக இருந்தாலும் வேலைக்காக வாயை மூடிக்கொண்டு உள்ளே நுழைய வேண்டும். இந்தச் செலவு எந்தப் பட்டியலிலும் வராது. எனக்கு இதுதான் முதல் வரியாக வர வேண்டும் என்று தோன்றுகிறது. எந்த டாக்டரைக் கேட்டாலும் சொல்வார்: நாய் யார் மேல் உயிராக இருக்கிறது என்று பார்த்தால் வாங்கச் சொன்னவரிடம் இல்லை, வேண்டாம் என்று சொன்னவரிடம்தான் ஒட்டிக்கொண்டிருக்கும்.

பொங்கலுக்கு ஊருக்குப் போக வேண்டுமா? ரயிலில் நாயை உடன் அழைத்துப் போக முதல் வகுப்பில் கூபே முழுதாகக் கிடைக்க வேண்டும். இல்லையென்றால் கார்டு பெட்டியில் உள்ள கூண்டில் அது தனியாக வர வேண்டும். அந்தச் சத்தத்திலும் இருட்டிலும் இரவெல்லாம் நாயை விட மனசு வராது. காப்பகத்தில் விட்டால் நாளைக்கு எழுநூறு ரூபாய்க்குக் குறைவில்லை. தீபாவளி, பொங்கலுக்கு மாதக்கணக்கில் முன்பே சொல்லி வைக்க வேண்டும். தீபாவளி தனிக் கதை. வெடிச் சத்தத்தில் மிரண்டு சங்கிலியை அறுத்துக்கொண்டு ஓடிய நாய்களின் படங்கள் மறுநாள் ஏரியா குழுக்களில் வரிசையாக வரும். அதனால் அந்த மூன்று நாள் யாராவது ஒருவர் வீட்டிலேயே, ஜன்னலை அடைத்து, நாயோடு உட்கார்ந்திருக்க வேண்டும். பதினோரு தீபாவளி.

வாடகை வீட்டுக்காரர்களுக்குக் கூடுதல் சுமை. "அசைவம் சாப்பிடுவீங்களா" என்பதற்கு அடுத்த கேள்வி "நாய் இருக்கா". ஆம் என்றால் பாதி வீடுகள் கைநழுவும். கிடைக்கும் வீட்டில் வாடகையோ அட்வான்ஸோ கூடும். குடியிருப்போர் சங்கங்கள் நாய் வளர்ப்பதைத் தடை செய்ய முடியாது, லிஃப்டில் ஏற்றக் கூடாது என்று சொல்ல முடியாது என்று விலங்குகள் நல வாரியம் 2015-லேயே சுற்றறிக்கை விட்டிருக்கிறது. ஆனால் வீட்டு உரிமையாளரிடம் சுற்றறிக்கையைக் காட்டி யாரும் சாவி வாங்கியதில்லை.

இப்போது ரூபாய்க் கணக்கைக் கூட்டலாம். லேப்ரடாருக்குத் தீனி 43,000. ஊசி, புழு மருந்து, உண்ணி மருந்து, சின்னச் சின்ன கிளினிக் நடை சேர்த்து 18,000. பத்து நாள் காப்பகம் 7,000. ஷாம்பூ, சங்கிலி, நகம் வெட்டுவது 2,000. வருடம் 70,000. விலைவாசி ஏறவே ஏறாது என்று வைத்துக்கொண்டாலும் பதினோரு வருடத்துக்கு ஏழு லட்சத்து எழுபதாயிரம். இடையில் ஒரு பெரிய நோயோ அறுவைச் சிகிச்சையோ வந்தால் எட்டு லட்சம் தாண்டிவிடும். நாய்க்கு இன்சூரன்ஸ் சில நிறுவனங்களில் உண்டு. வயதான நாய்க்குப் புதிதாக எடுக்க முடியாது, ஏற்கெனவே இருக்கும் நோய்க்குக் கிடைக்காது. குட்டி வந்த மாதமே வங்கியில் இரண்டாயிரம் ரூபாய்க்கு ஆர்.டி. தொடங்கிவிடுவது பலருக்கு அதைவிடக் கைகொடுக்கும்.

கடைசி இரண்டு வருடம்

அந்த ஆர்.டி. பணம் போவது பெரும்பாலும் கடைசி இரண்டு வருடத்தில். எட்டு வயது தாண்டிய பெரிய நாய்க்கு இடுப்பு மூட்டு பிடித்துக்கொள்ளும். சிறுநீரகம் தளரும். கருத்தடை செய்யாத பெண் நாய்க்குக் கர்ப்பப்பையில் சீழ் பிடித்து நள்ளிரவில் அறுவைச் சிகிச்சை வரை போகும். இளவயதில் செய்திருந்தால் தவிர்த்திருக்கலாம். முப்பது கிலோ நாயை லிஃப்ட் இல்லாத வீட்டில் தினம் நான்கு முறை தூக்கி இறக்க வேண்டும். அப்போது தூக்குகிறவருக்கும் பதினோரு வயது கூடியிருக்கும்.

இந்த நேரத்தில்தான் வேப்பேரி நினைவுக்கு வரும். 1903-ல் தொடங்கப்பட்ட சென்னை கால்நடை மருத்துவக் கல்லூரி இன்று பல்கலைக்கழகத்தின் கீழ் இயங்குகிறது. அதன் மருத்துவமனையில் காலையில் ஓ.பி. சீட்டு வாங்க நிற்கும் வரிசையில் இந்த நகரம் முழுதும் தெரியும். காரில் வந்த கோல்டன் ரெட்ரீவர், ஆட்டோவில் துணி சுற்றிக் கொண்டுவந்த தெருநாய், ஆடு, கிளி. வெளியே பல ஆயிரம் கேட்கும் ஸ்கேனும் அறுவைச் சிகிச்சையும் அங்கே எளியவர் தாங்கும் கட்டணத்தில் கிடைக்கின்றன. அரைநாள் போகும்; கூட்டம் நெரிக்கும்; ஆனாலும் மாதம் பதினைந்தாயிரம் சம்பாதிக்கும் ஒருவர் நாய் வளர்க்க முடிகிறது என்றால் அதற்கு இந்தப் பொது மருத்துவமனைதான் காரணம். சென்னையை விட்டு நூறு கிலோமீட்டர் தள்ளிப் போனால் இந்த வசதி அரிதாகிவிடுகிறது. மாடு, ஆடு பார்க்கும் அரசு மருந்தகத்தில் நாய்க்கு ஊசி கிடைக்கும். ரத்தம் ஏற்றவோ ஸ்கேன் எடுக்கவோ பெரும்பாலும் வழியிருக்காது.

யாரோ கட்டும் பாக்கி

செலவு தாங்கவில்லை, வீடு மாறுகிறோம், குழந்தை பிறக்கப் போகிறது, தோல் நோய் வந்துவிட்டது. காரணம் எதுவானாலும் ஒரு நாள் இரவு நாயைக் காரில் ஏற்றி வேறு ஏரியாவில் இறக்கிவிட்டு வந்துவிடுகிறவர்கள் இருக்கிறார்கள். சென்னை ஓ.எம்.ஆர். பக்கத்துக் காலி மனைகளில் கழுத்துப் பட்டையோடு திரியும் உயர்ரக நாய்கள் அப்படி வந்தவை. அப்படி இறக்கிவிட்ட நாய்க்குச் சாலையைக் கடக்கத் தெரியாது. குப்பையில் தின்னத் தெரியாது. அந்தத் தெரு நாய்கள் அதைச் சேர்க்காது. வண்டி நின்ற இடத்திலேயே பல நாள் உட்கார்ந்திருக்கும்.

அது கருத்தடை செய்யாத நாயாக இருந்தால் அந்தத் தெருவில் குட்டி போடும். ஊசி போடாத நாயாக இருந்தால் வெறிநோய் வட்டத்துக்குள் போகும். வெறிநோய் வந்த மனிதனைக் காப்பாற்ற இன்றுவரை மருந்து இல்லை. கடித்தவுடன் போடும் தடுப்பூசிதான் முக்கியக் காப்பு. அந்த ஊசி அரசு மருத்துவமனையில் இலவசம். இலவசம் என்றால் எல்லோருடைய வரிப்பணம். தெருநாய்களைப் பிடித்துக் கருத்தடை செய்யும் மாநகராட்சிச் செலவும் அப்படியே. ஒரு வீட்டில் கட்டாமல் விட்ட பில்லை ஊர் பிரித்துக்கொள்கிறது.

வீட்டோடு இருக்கும் நாயாலும் ஊருக்குச் செலவு வரலாம். 2024 மே மாதம் சென்னை நுங்கம்பாக்கம் பூங்காவில் இரண்டு ராட்வைலர் நாய்கள் ஐந்து வயதுச் சிறுமியைக் கடித்துக் குதறின. வளர்த்தவர் கைதானார். வளர்ப்பு விலங்கை அலட்சியமாக விட்டால் பாரதிய நியாய சன்ஹிதா 291-ஆவது பிரிவின்படி ஆறு மாதம் வரை சிறை, ஐயாயிரம் வரை அபராதம். பயிற்சிக்குச் செலவழிக்காத பணத்தையும் நேரத்தையும் அங்கே ஒரு குழந்தையின் தலைத் தோல் கொடுத்தது.

நாயைக் கைவிடுவது குற்றம் என்று 1960-ஆம் ஆண்டின் மிருகவதைத் தடுப்புச் சட்டம் சொல்கிறது. முதல் முறை பிடிபட்டால் அபராதம் பத்து ரூபாயிலிருந்து ஐம்பது ரூபாய் வரை. பல பத்தாண்டுகளாக அந்தத் தொகை மாறவில்லை. 2022-ல் மத்திய அரசு திருத்த மசோதாவின் வரைவை வெளியிட்டுக் கருத்துக் கேட்டது; அத்தோடு நிற்கிறது.

சென்னை மாநகராட்சி வளர்ப்பு நாய்க்கு வாங்கும் உரிமக் கட்டணமும் ஐம்பது ரூபாய்தான். 2025-ல் உரிமத்தோடு மைக்ரோ சிப் பொருத்துவதையும் கட்டாயமாக்கினார்கள். உரிமம் இல்லையென்றால் ஐயாயிரம் ரூபாய் அபராதம் என்றார்கள். ஊசி போட்ட சான்றிதழ் இல்லாமல் உரிமம் கிடையாது. மாநகராட்சிச் சிகிச்சை மையங்களின் வாசலில் அப்போது வரிசை நீண்டது. அரிசி அளவு சிப்பில் ஓர் எண். அந்த எண்ணுக்குப் பின்னால் வளர்ப்பவரின் பெயர், முகவரி, போன் நம்பர். உரிமம் வாங்கும் நாளில் இந்த எண் பயன்படுகிறது. இது இன்னும் பெரிதாகப் பயன்பட வேண்டிய இடம் ஓ.எம்.ஆர். காலி மனை. பிடிக்கப்படும் ஒவ்வொரு நாயின் கழுத்திலும் ஸ்கேனரை வைத்துப் பார்க்க வேண்டும். எண் வந்தால் அந்த போன் நம்பருக்கு அழைக்க வேண்டும். நாய் தொலைந்து தேடிக்கொண்டிருக்கும் வீடு என்றால் அன்றே கொண்டுபோய்ச் சேர்க்கலாம். இறக்கிவிட்டு வந்த வீடு என்றால், பிடித்த செலவு, கருத்தடைச் செலவு, காப்பகத்தில் வைத்திருக்கும் நாளொன்றுக்கு ஆகும் தீனிச் செலவு, எல்லாவற்றையும் அந்த முகவரிக்கே பில்லாக அனுப்ப மாநகராட்சி ஒரு தீர்மானம் போடலாம்.